இரும்புக்கை மாயாவிக்கு ஒரு வாரிசு: இதுவரை வரைந்தது

இரும்புக்கை மாயாவிக்கு அடுத்து வருகிற ஒருத்தியை வைத்து எட்டுப் பக்கத்தில் ஒரு காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். பென்சில் வேலை முடிந்துவிட்டது, ஆறு பக்கங்களுக்கு மை போட்டாயிற்று, வசனங்களை பலூனுக்குள் உட்கார வைக்கிற வேலை நடக்கிறது. என்னென்ன முடிவு எடுத்தேன், எதனால் எடுத்தேன் என்பதை சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. விற்பதற்கில்லை. மாயாவியின் உரிமை இப்போது பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது, என்னுடையது ரசிகன் ஆசைக்கு வரைகிற வேலை.

மாயாவியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1962 அக்டோபரில் பிரிட்டனில் வேலியன்ட் என்ற வார இதழ் தொடங்கியபோது அதில் வந்த தொடர் இது. நாயகன் பெயர் லூயிஸ் கிராண்டல். ஆய்வுக்கூட உதவியாளர், விபத்தில் வலது கை போய் அந்த இடத்தில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். கென் பல்மர் எழுதினார், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த ஊரில் தொடர் 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்துவிட்டது, ஆனால் 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான், அதற்குப் பிறகு இங்கே அவர் ஓயவே இல்லை. அப்பா வைத்திருந்த அட்டை கிழிந்த பிரதியை மகன் படித்து, அவன் பிள்ளைக்கு மறுபதிப்பு வாங்கிக் கொடுக்கிற வீடுகள் எனக்கே தெரியும். அதனால் வாரிசு எந்த ஊரில் பிறக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. சிவகாசிதான்.

வரைவதற்கு முன்னால் மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். வேதாளருக்கு (ஆங்கிலத்தில் ஃபேண்டம்) அப்பாவுக்குப் பின் மகன் என்ற வழி கதையிலேயே இருக்கிறது, அதில் கற்றுக்கொள்ள எனக்கு அதிகம் இல்லை. ஜான் ஸ்டூவர்ட் 1971 கடைசியில் கிரீன் லேன்டர்ன் என்ற நாயகனின் பச்சை விளக்கு மோதிரத்தை மாட்டிக்கொண்ட கறுப்பினக் கட்டடக் கலைஞர், முதல் கதையிலேயே முகமூடி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார், அந்த ஒரு சின்ன மறுப்பிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. 2011இல் வந்த மைல்ஸ் மொராலெஸ் வெறும் தோல் நிறம் மாறிய ஸ்பைடர்மேனாக நின்றிருந்தால் இத்தனை நாள் தாங்கியிருக்க மாட்டான். முந்தைய ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் செத்தபோது தனக்கும் சக்தி இருந்தது, முன்னாலேயே போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்ற உறுத்தல் அவனுக்கு இருக்கிறது. அந்த உறுத்தல்தான் அவனைக் கொண்டுபோகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கமலா கான். ஜெர்ஸி சிட்டியில் வளர்கிற பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண், 2014இல் மிஸ் மார்வெல் ஆகிறாள். உருவம் மாறுகிற சக்தி கிடைத்தவுடனே அவள் எடுக்கிற முதல் உருவம், தான் கொண்டாடுகிற பழைய நாயகியின் பொன்னிற முடியும் வெள்ளைத் தோலும்தான். அந்த உருவம் அவளுக்கு ஒட்டவில்லை. அப்புறம்தான் தன் உடம்போடேயே அந்த வேலையைச் செய்யப் பழகுகிறாள். ஜி. வில்லோ வில்சன் எழுதி ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்த அந்த முதல் தொகுப்புக்கு 2015இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கிடைத்தது. இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. பழைய சக்தி புதிய ஆளின் உடம்பிலும் பிழைப்பிலும் போய் விழும்போது வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும். அப்படிச் செய்யவில்லை என்றால் அது உடை மாற்றம்தான், வாரிசு இல்லை.

சரி, என் ஆள். பெயர் மாரீஸ்வரி, வயது 34, ஒரு மகள். ஆஃப்செட் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை. சிவகாசி, கை இழந்தவள் என்றதும் கேட்ட எல்லோரும் பட்டாசு ஆலைதானே என்றார்கள். பட்டாசு விபத்துகள் அந்த மண்ணின் பெரிய துயரம், அதை எட்டுப் பக்க சாகசக் கதையில் ஒரு கட்டத்துக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, மாயாவி அந்த ஊருக்கு வந்தது அச்சகம் வழியாகத்தான், அவருடைய வாரிசும் அச்சகத்திலிருந்து வருவதுதான் பொருத்தம்.

ஆடி 18க்குப் புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால் அதிலிருந்து பொங்கல் வரைக்கும் அங்கே இரவு பகல் வேலை. அந்த சீசனில் கட்டிங் ஆள் வராத ஒரு ராத்திரி இவள் மெஷினில் நிற்கிறாள். பேப்பர் கட்டிங் மெஷினில் இரண்டு பட்டன் வைப்பதே, இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போதுதான் கத்தி இறங்க வேண்டும் என்பதற்காக. வேலை வேகமாகப் போகட்டும் என்று ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள். விபத்தை நான் வரையவில்லை. அந்த டேப்பை மட்டும் முழுக் கட்டத்துக்குப் பெரிதாக வரைந்திருக்கிறேன், ஓரம் சுருண்டு, விரல் அழுக்கு படிந்த பழுப்பு டேப். அடுத்த கட்டம் நேராக மருத்துவமனை.

போனது இடது கை. இதை யோசித்துத்தான் வைத்தேன். கிராண்டலுக்கு வலது, இவளுக்கு இடது என்றால் அவருடைய கையை இவளால் அப்படியே மாட்டிக்கொள்ள முடியாது. நிஜத்திலும் செயற்கைக் கையைக் கைமாற்றிக் கொடுக்க முடியாது, இழந்த கையில் மிச்சமிருக்கிற பகுதிக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து அந்த அளவுக்குத்தான் சாக்கெட், அதாவது அந்தப் பகுதி உள்ளே உட்காரும் கூடு, செய்கிறார்கள், ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது. ஆகவே பழைய இரும்புக் கை உடைந்த நிலையில் சிவகாசிக்கு வந்து சேர்கிறது, ஒரு லேத் பட்டறைப் பெரியவர் அந்த இரும்பிலிருந்து அவளுக்கு ஒரு கொக்கி அடித்துக் கொடுக்கிறார். ஐந்து விரல் இல்லை. இரண்டு தாடை உள்ள கொக்கி.

இந்தக் கொக்கிக் கை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் வரைய முடியவில்லை. எங்கள் பக்கத்தில் இதை வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிற ஒரு அண்ணன் சட்டையைக் கழற்றி முழுவதும் காட்டினார். முதுகில் எட்டு போட்ட மாதிரி வார்கள் போகின்றன, மேல்முதுகில் அவை சேரும் இடத்தில் ஒரு உலோக வளையம். ஒரு வார் எதிர்த் தோளைச் சுற்றிக்கொள்கிறது. அங்கிருந்து ஒரு இரும்புக் கம்பி கை வழியாகக் கொக்கிவரை போகிறது. தோளை முன்னால் தள்ளினால் கம்பி இழுபட்டு கொக்கி திறக்கும், தோளைத் தளர்த்தினால் ரப்பர் பேண்ட் அதை மூடும். பிடி இறுக்கமாக வேண்டுமென்றால் இன்னொரு ரப்பர் பேண்ட் சேர்த்துப் போட வேண்டும். அவர் ஒரு டீ கிளாஸை எடுத்துக் காட்டினார். எனக்குத் தெரிந்தது கொக்கி, அவர் செய்தது எல்லாம் தோளில்.

அதிலிருந்துதான் இந்த முயற்சியிலேயே எனக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்த விஷயம் கிடைத்தது. சாக்கெட் ரெசினால் ஆனது, மின்சாரம் அதில் பாயாது. கொக்கியில் கரன்ட் பட்டால் அவள் உடம்புக்கு எப்படிப் போகும்? கம்பி வழியாகப் போகும், மேல்முதுகில் இருக்கிற வளையம்வரை போய், ரவிக்கைக்கு மேலே தோலில் படுகிற இடத்தில் ஏறும். என் கதைக்கு நான் வைத்த விதி, கரன்ட் போன பாதையில் இருக்கிற உலோகம் மட்டும் மறையாது. அப்படியானால் அவள் மறையும்போது தெரிவது கொக்கி, ஒரு கம்பி, ஒரு வளையம். வெறும் வெள்ளைக் காகிதத்தில் அந்தக் கம்பி வளைகிற விதத்தை வைத்தே அவள் குனிகிறாளா, திரும்புகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று காட்டிவிட முடிகிறது! ஆள் இல்லாத இடத்தில் ஒரே கோட்டில் ஆளை நிறுத்துவது. பிளாஸ்கோவின் கட்டங்களில் அந்தரத்தில் மிதக்கிற இரும்புக் கை விரலாலேயே நடிக்கும், அதை வைத்த கண் வாங்காமல் பார்த்திருக்கிறேன். மாரீஸ்வரிக்கு விரல் இல்லை, கம்பி நடிக்க வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் அவள் சுவரோடு ஒட்டி நகர்கிற நாலு கட்டத்தையும் கம்பியை மட்டும் வைத்தே முடித்திருக்கிறேன்.

வரையும் முறையும் இதற்குத் தக்கபடி வைத்துக்கொண்டேன். முதலில் அவள் முழு உருவத்தையும் மெல்லிய பென்சிலில் உடற்கூறு சரியாக வரைகிறேன், வார் எங்கே ஓடும், கம்பி எங்கே இழுபடும் என்று பார்த்து அதை மட்டும் மையில் எடுக்கிறேன், அப்புறம் பென்சிலை அழிக்கிறேன். சுற்றியுள்ள பொருள்களில் கறுப்பை அள்ளிப் போட வேண்டும், பேப்பர் ரீம் அடுக்கு, மெஷின் நிழல், கதவிடுக்கு. சுற்றிலும் இருட்டு கனமாக இருந்தால்தான் நடுவில் உள்ள அந்த ஒற்றைக் கோட்டில் கண் நிற்கும். ஸ்கேன் 600 டிபிஐ, மிச்சச் சில்லறை வேலையெல்லாம் கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளில்.

மின்சாரமும் நம் ஊர் மின்சாரமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்துகிற நாளில் அவள் சாதாரண ஆள். புது பங்களாக்களில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ட்ரிப் ஆகிற பிரேக்கர் இருக்கும், அங்கேயும் மறைய முடியாது. பழைய ஃப்யூஸ் கம்பி போட்ட கட்டடத்தில்தான் அவளால் மாயாவி ஆக முடியும். எதிரியின் வீட்டுக்குள் நுழைகிற ஆறாம் பக்கம் முழுக்க இதை வைத்துத்தான் நகர்கிறது. நிஜத்தில் இவ்வளவு கரன்ட் உடம்பில் பாய்ந்தால் உயிர் போகும், ஆகவே முதல் பக்கத்தின் அடியிலேயே பிள்ளைகளுக்கு அதைத் தெளிவாக எழுதிவிட்டேன்.

அந்த அண்ணன் சொன்ன இன்னொன்று. கை போய் இத்தனை வருஷம் ஆகியும் சில ராத்திரிகளில் இல்லாத கையின் கட்டைவிரல் அரிக்கும், மடக்கி வைத்த மாதிரி வலிக்கும், அது அங்கேயே இருக்கிறது என்றுதான் உடம்பு சொல்லும் என்றார். கை கால் இழந்த பலருக்கும் இருக்கிற உணர்வுதான் இது. கேட்ட அன்றைக்கே மாரீஸ்வரியின் மூன்றாம் பக்கத்தை மாற்றி எழுதினேன். கிராண்டல் முதல்முறை மறைந்தபோது தலை கிறுகிறுத்து, கெட்ட வழியிலேயே போய்விட்டார், ஆரம்பக் கதையில் அவர் வில்லன்தான். இவள் மறையும்போது பதறவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஆனால் இருக்கிற ஒரு கையோடு அவள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறாள், இப்போது மிச்ச உடம்பும் அதோடு போய்ச் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் வசனம் மிகக் குறைவு. மகள் வாசலில் நின்று, "யம்மா, கொக்கி மட்டும் வருது" என்கிறாள். அவள், "நான்தாண்டி, அடுப்புல பால் வச்சிருக்கேன், போய்ப் பாரு" என்கிறாள்.

ஏழைப் பெண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை, அதனால் அவள் முன்பே மாயாவி என்று ஒரு வரி வைக்கச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். வைக்கவில்லை. அவள் தெருவில் அவளைத் தெரியாதவர் கிடையாது, அச்சகத்தில் பாதிப் பேருக்கு அவள் மாரியக்கா, சீட்டுப் பணம் அவளிடம்தான் கொடுத்து வைப்பார்கள். மறைந்து நடமாடுவதில் அவளுக்கு உள்ள ஆபத்தே இதுதான், கொக்கியைப் பார்த்தவுடன் ஊரே யாரென்று சொல்லிவிடும்.

எழுத்து வேலைக்கு நான் நினைத்ததைவிட அதிக இடம் தேவைப்படுகிறது. தமிழில் ஒரு சொல்லே பலூனின் முழு அகலத்தைத் தின்றுவிடும், மேலே கொம்பு, கீழே சுழி என்று வரிகளுக்கு நடுவிலும் இடம் விட வேண்டும். அதனால் வசனத்தை முதலில் கட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மிச்ச இடத்தில்தான் படம். முகம் முக்கியமான கட்டங்களில் வசனத்தையே வெட்டிவிடுகிறேன், கதைக்கு அது நல்லதாகவே இருக்கிறது.

சின்ன வயதிலிருந்து மாயாவி படிக்கிற ஒரு பெரியவர் பென்சில் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, மாயாவிய எதுக்குப் பொம்பளையா மாத்துறீங்க?" என்று கேட்டார். மாற்றவில்லை சார், கிராண்டல் கிராண்டலாகவே இருக்கிறார், அவர் கை உடைந்த பிறகு நடக்கிற கதை இது என்றேன். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது, அவர் பத்து வயதில் அந்தக் கையைப் பார்த்துத் தூங்காமல் கிடந்தவர். நான் கேட்டது ஒன்றுதான், ஐம்பது வருஷமாக அந்தப் புத்தகங்களை மடித்து, தைத்து, வெட்டி நமக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் பெண்கள்? அவர்களில் ஒருத்தி கதைக்குள் வந்தால் என்ன? அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் ஐந்தாம் பக்கத்தைத் திரும்ப வாங்கிக் கம்பி வருகிற கட்டங்களை நெடுநேரம் பார்த்தார். முடிந்ததும் ஒரு பிரதி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

பாக்கி இருப்பது கடைசி இரண்டு பக்கங்களுக்கு மை, அட்டைப்படம். அட்டையில் கொக்கி பெரிதாக முன்னால் வர வேண்டும், பின்னால் கம்பி நெளிந்து வளையத்தில் முடிய வேண்டும், நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று நினைத்திருக்கிறேன். ஏழாம் பக்கத்தில் அவள் அதே கட்டிங் மெஷின் முன்னால் திரும்ப வந்து நின்று டேப்பைப் பிய்க்கிறாள். பழைய மாடலில் அந்த இரண்டு பட்டன்களும் எவ்வளவு தள்ளி இருக்கும், ஒரு கை கொக்கியாக உள்ளவர் இரண்டையும் ஒன்றாக அமுக்க உடம்பை எப்படி வைத்துக்கொள்வார் என்பதை மெஷினில் நின்றவர்கள் யாராவது சொன்னால், அந்தக் கட்டத்தை அதன்படியே வரைந்துவிடுவேன்.