இரண்டு சொட்டு முன்னறை நீர்

கண் மருத்துவமனை ஆய்வகமொன்றில், அறுவை அரங்கிலிருந்து வரும் முன்னறை நீர் (கண்ணின் முன்பகுதியை நிரப்பும் தெளிந்த நீர்) மாதிரிகளில், அழற்சியைத் தூண்டவும் அடக்கவும் செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களான சைட்டோகைன்களை அளப்பது என் பணி. கருவிழிக்குப் பின்னே இந்நீர் இருப்பதே கால் மில்லிலிட்டர் அளவுதான். அதில் மருத்துவர் மெல்லிய ஊசியால் எடுத்துத் தருவது ஏறத்தாழ 100 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு சொட்டு. உறைந்தது உருகி மீண்டும் உறைந்தால் சில சைட்டோகைன்கள் சிதையும் என்பதால், அந்த இரண்டு சொட்டையும் சிறு பங்குகளாகப் பிரித்தே -80 டிகிரியில் வைக்கிறோம்.

யுவியைட்டிஸ் என்னும் உட்கண் அழற்சியின் விளைவாகக் கண் அழுத்தம் ஏறியவர்களின் மாதிரிகளில், இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற சைட்டோகைன்கள் கண்புரை நோயாளிகளின் நீரில் உள்ளதைவிடப் பெரும்பாலும் பல மடங்கு உயர்ந்திருக்கும். அழுத்தத்துக்கு இவையே காரணம் என்று உடனே எழுதிவிட எனக்கு மனம் வருவதில்லை. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வரை சுரந்து, வடிகால் வலை வழியே வெளியேறும் நீர் இது. அழற்சியால், இந்நீரைச் சுரக்கும் சிலியரி உறுப்பு தளர்ந்து சுரப்பு குறையும்போது, சைட்டோகைன் உற்பத்தி கூடாமலேயே அதன் செறிவு கூடிவிடலாம். இரத்தக் குழாய்களின் தடுப்பு பலவீனமாகிப் புரதங்கள் உள்ளே கசிவதும் உண்டு என்பதால், மொத்தப் புரத அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஓர் எண்ணை நம்புகிறேன்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து இதை மேலும் சிக்கலாக்குகிறது. அது சைட்டோகைன்களைத் தணிக்கிறது; ஆனால் சிலருக்கு வடிகால் வலையைத் தடிக்கச் செய்து அதுவே அழுத்தத்தை ஏற்றுகிறது. அழற்சி அடங்கிச் சுரப்பு பழைய நிலைக்குத் திரும்பும்போது, ஏற்கெனவே சேதமடைந்த வடிகால் ஈடுகொடுக்க முடியாமல் போவதாலும் அழுத்தம் உயரும். எனவே இன்டர்லூகின்-6 குறைந்தும் அழுத்தம் குறையாத கண்ணைப் பற்றி மருத்துவர் கேட்கும்போது, கடைசியாக மருந்து போட்ட நேரத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். மாதிரிப் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும்.

ஒரே கண்ணில், லேசான அழற்சியோடு அழுத்தம் திடீர் திடீரென ஏறும் நோயாளிகளும் வருகிறார்கள். போஸ்னர், ஸ்க்லாஸ்மன் என்ற கண் மருத்துவர்கள் இருவரும் 1948-இல் விவரித்த இந்நிலையில், பலரின் முன்னறை நீரில் சைட்டோமெகலோ வைரஸ் இருப்பது பின்னர் தெரியவந்தது. அது உறுதியானால் ஸ்டீராய்டோடு நிற்காமல் கான்சிக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் கொடுக்க முடியும். அத்தகைய மாதிரி வந்தால் முதல் பங்கு, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்குச் செல்கிறது. எஞ்சியிருந்தால் மட்டுமே சைட்டோகைன் அளவீட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன்.