பூத் கொடுத்த கடிதமும் மேத்யூஸ் சொன்ன கடிதமும்

லிங்கனைச் சுடுவதற்குச் சில மணி நேரம் முன்னால் நடிகன் ஜான் வில்க்ஸ் பூத் ஒரு கடிதம் எழுதினான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தப்பி ஓடும்போது வைத்திருந்த டைரியில் அவனே அதைச் சொல்கிறான்: காரணங்களை விளக்கி நேஷனல் இன்டெலிஜென்சர் பத்திரிகை ஆசிரியருக்கு நீளமாக எழுதி வைத்தேன் என்று. அடுத்து ‘அவரோ அரசாங்கமோ’ என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டிருக்கிறான். ஆனால் அந்தக் கடிதத்தின் வாசகம் இதுதான் என்று ஆளாளுக்கு மேற்கோள் காட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடிதத்தை வாங்கியவர் ஜான் மேத்யூஸ், அவரும் நடிகர். 1865 ஏப்ரல் 14 பிற்பகல், வாஷிங்டன் பென்சில்வேனியா அவென்யூவில் குதிரையில் வந்த பூத், நாளைக்குப் பத்திரிகையில் சேர்த்துவிடு என்று கொடுத்தானாம். அன்றிரவு ஃபோர்டு தியேட்டரில் லிங்கன் பார்த்த நாடகத்தில் மேத்யூஸுக்கும் ஒரு வேடம். துப்பாக்கி வெடித்து, களேபரமெல்லாம் நடந்து, அறைக்கு வந்து பார்த்தால் உறை கோட்டுக்குள்ளேயே இருக்கிறது; பிரித்துப் படித்தார், நடுங்கிப்போய் எரித்துவிட்டார். எல்லாம் அவர் வாய்மொழிதான். இதுவரைக்கும் நம்பலாம் என்றே நினைக்கிறேன், அந்த நேரத்தில் அது கையில் அகப்பட்டிருந்தால் அவர் கழுத்துக்கும் கயிறுதானே. (கொலைக்கு முன்னால் பூத் போட்டிருந்த, லிங்கனை ஆள்கடத்தும் திட்டத்தில் சேர மறுத்த மேத்யூஸை, கோழை, உயிரோடு இருக்கவே லாயக்கில்லாதவன் என்று பூத் திட்டியதாக இன்னொரு நடிகர் விசாரணையில் சாட்சி சொல்லியிருக்கிறார். இப்படியொரு நட்பு!)

சிக்கல் அப்புறம்தான். 1867இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது மேத்யூஸுக்கு நினைவிருந்தது கடைசிப் பகுதி மட்டும்: திட்டத்தை மாற்ற வேண்டியதாகிவிட்டது, பலர் பழிப்பார்கள், வருங்காலம் என் பக்கம் நிற்கும் என்கிற மாதிரி. ஆனால் 1881இல், ஒரே ஒருமுறை படித்து எரித்த தாள் 16 வருடம் கழித்து, முழுக் கடிதமாகச் செய்தித்தாளில் வருகிறது, சீசரைக் கொன்ற புரூட்டஸ் உதாரணம் உட்பட. வயசாக ஆக ஞாபகம் கூடுகிறவரை நான் பார்த்ததில்லை.

அதைவிட உறுத்துவது, அதில் பெரும்பகுதி பூத் 1864இல் எழுதி அக்கா ஆசியாவின் வீட்டில் விட்டுவைத்த வேறொரு கடிதத்தோடு ஏறக்குறைய வரிக்கு வரி ஒத்துப்போவது. அந்தக் கடிதம் கொலை நடந்த வாரத்திலேயே, ஏப்ரல் 19ஆம் தேதி, பிலடெல்பியாவில் அச்சாகிவிட்டது. நாடே படித்தது, மேத்யூஸ் மட்டுமா படித்திருக்க மாட்டார்? பூத் தன் வசனத்தையே இரண்டாம் தடவை பேசியிருக்கலாம் என்று வாதாட இடமிருக்கிறதுதான், நடிகன் ஆயிற்றே. இருந்தாலும் அச்சில் பார்த்தது நினைவில் கலந்துவிட்டது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மேத்யூஸ் பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்லவில்லை.

1864 கடிதத்தின் மூலப் பிரதி அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பூத் சொன்னதாக எழுத வேண்டுமென்றால் அதிலிருந்து எடுங்கள். 1881 வாசகத்தை எடுத்தால் மேத்யூஸ் பெயரில் எழுதுங்கள்.