ஒன்ராறியோக் காட்டுக்கு வில்லோடு போகிறவர்களுக்கு: எந்த அம்பறாத்தூணியைப் பூட்டுவது?

கனடாவுக்கு வந்து வேட்டை பழக விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது துவக்கு லைசென்ஸைப் பற்றித்தான். வில்லுக்கு அது தேவையில்லை. ஒன்ராறியோவில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து, சோதனையில் சித்தியடைந்து, அவுட்டோர்ஸ் கார்ட் எனப்படும் மாகாண அடையாள அட்டையும் மான் லைசென்ஸும் எடுத்தால் போதும். ஆனால் மாகாண வேட்டைச் சட்டத்தில் வில்லும் துவக்குக் கணக்கில்தான் வரும். சூரியன் மறைந்து அரை மணித்தியாலம் கழிந்ததிலிருந்து, அடுத்த நாள் உதிக்க அரை மணித்தியாலம் இருக்கும்வரை, மிருகங்கள் நடமாடும் இடத்தில் வில் உறைக்குள் இருக்கவேண்டும். பின்னேர வேட்டை முடிந்து இருட்டில் காருக்கு நடந்து வருகிறவர் இதை நினைவில் வைத்துத்தான் வில்லில் பூட்டும் தூணியை வாங்கவேண்டும். நொடியில் கழராத தூணி, உறைக்குள் போகாத வில்லைத்தான் கையில் தரும்.

வில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மானுக்கு 700 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த இழுப்பில் (நாணை இழுக்கும் தூரத்தில்) 18 கிலோ, அதாவது 39.7 இறாத்தல், இழுவிசை வேண்டும். மூஸ் எனப்படும் பெரிய மானுக்கும் கரடிக்கும் 22 கிலோ. லிம்ப் எனப்படும் வில்லின் வளையும் கையில் எழுதியிருக்கும் இறாத்தல் எண் 28 அங்குல இழுப்புக்கானது. 700 மில்லிமீற்றர் என்பது 27.6 அங்குலம்தான். ஆகவே ‘40’ என்று எழுதிய வில் சட்டத்தின் அளவுக்கு மயிரிழையில் குறையக்கூடும். இழுப்பு 26 அங்குலம் உள்ளவருக்கு, அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 இறாத்தல் என்று இன்னும் குறையும். 45 எடுப்பது நல்லது. அம்பு 600 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. புறோட்ஹெட் எனப்படும் வெட்டலகு முனை 22 மில்லிமீற்றராவது அகன்று, கூரான இரண்டு வெட்டு விளிம்புகளாவது கொண்டிருக்கவேண்டும். இந்த முனையின் அகலம்தான், முனைகளை மறைக்கும் தூணியின் மேல்மூடியைத் தெரிவு செய்யும்.

முதுகில் மாட்டும் தூணி படத்தில் அழகு. நவம்பர்க் குளிரில் தடித்த ஜக்கெற்றுக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு தோளுக்குப் பின்னால் கையை எறிந்து அம்பு எடுத்துப் பாருங்கள், தெரியும். குனிந்தால் அம்பு சரியும், நடந்தால் முனைகள் ஒன்றோடொன்று உரசி மழுங்கும். இடுப்பில் கட்டுவது மைதானத்துக்குச் சரி. பற்றைக்குள் இறகு ஒவ்வொரு கொப்பிலும் சிக்கும். வில்லிலேயே பூட்டினால் அம்பு கைக்குப் பக்கத்தில் இருக்கும், வில் போகும் சந்துக்குள் அம்பும் போகும். பக்கத்து மாநிலமான மிச்சிகனில் வில் தயாரிப்பாளரும் வேட்டைக்காரருமான ஃபிரெட் பெயார் 1940களிலேயே இந்த வகையைப் பரவலாக்கியதும் இதே மாதிரியான காட்டில்தான்.

கடைக்குப் போகுமுன் உங்கள் வில்லை வடிவாகப் பாருங்கள். தூணியை எப்படிப் பூட்டலாம் என்பதை வில்தான் சொல்லும். கழற்றிப் பூட்டும் றீகேர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) என்றால் றைசர் எனப்படும் நடுக்கட்டையின் பக்கத்தில் பித்தளைத் துளைகள் இருக்கலாம். இருந்தால் அதுவே ஆகத் திடமான வழி: ஸ்குறூ இறுக்கினால் அசையாது. துளை இல்லாவிட்டால், லிம்பைப் பிடிக்கும் போல்ட்டுக்குக் கீழே தகடு வைத்துப் பூட்டும் வகை இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுவது. அந்தத் தகடுகள் பெரும்பாலும் அலன் கீயால் இறுக்கும் தட்டைத்தலை போல்ட்டுக்காகச் செய்தவை. சமிக் சேஜ் மாதிரியான ஆரம்ப வில்களில் கையால் திருகும் பெரிய குமிழ் இருக்கிறது. அதற்குக் கீழே தகடு சரியாக உட்காராமல் சரிந்து நின்றால் லிம்பும் சரிந்துதான் உட்காரும். வாங்குமுன் வில்லின் மாதிரிப் பெயரைச் சொல்லி, இந்த வில்லுக்கு இது பொருந்துமா என்று கேட்கவேண்டும்.

லோங்போ எனப்படும் நீண்ட நேர் வில்லிலும் ஒற்றைத் துண்டு றீகேர்விலும் துளையோ போல்ட்டோ இருக்காது. அவற்றுக்கு றப்பர் அல்லது தோல் வாரால் கட்டும் வகைதான். கிரேட் நோர்தன், செல்வே போன்ற பெயர்களில் கிடைப்பவற்றில் இந்த வகைகள் உண்டு. வாரைக் கட்டும் இடம் நடுக்கட்டை மெலிந்து லிம்போடு சேரும் பகுதி. அதைத் தாண்டி, வளையும் பகுதியில் கட்டக்கூடாது. அங்கே கட்டினால் எய்யும் ஒவ்வொரு முறையும் மேல்மூடியும், அம்பின் தண்டைக் கவ்வும் கீழ்ப்பிடியும் வேறு வேறு பக்கம் இழுபடும். அம்பு பிடியிலிருந்து நழுவும், சத்தம் வரும், வார் வில்லின் வார்னிஷைத் தேய்க்கும். மாதக்கணக்கில் கட்டியபடியே விட்டால் றப்பர் வார்னிஷில் கறையும் பிடிக்கும். பருவம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஒரே துண்டாக வரும் தூணியில் மூடிக்கும் பிடிக்கும் இடையிலான தூரத்தை மாற்ற முடியாது. குட்டை அம்புக்காரருக்கு இது முக்கியம். 28 அங்குல அம்பை எடுத்து அளந்து பாருங்கள். நொக் எனப்படும், நாணில் செருகும் அடிநுனியிலிருந்து 1 அங்குலம் விட்டு 5 அங்குல இறகு ஒட்டியிருந்தால், இறகு 6ஆவது அங்குலத்தில் முடியும். பிடி இறகை நெரிக்காமல் இருக்க 8ஆவது அங்குலத்துக்கு அருகில் வரவேண்டும். மேலே முனையும் மூடியும் எடுக்கும் இடம் போக, நடுவில் மிஞ்சுவது ஏறத்தாழ 17 அங்குலம். தூணியின் இடைவெளி அதைவிட அதிகம் கூடினால் பிடி இறகின் மேல் வந்து உட்காரும். இரண்டு துண்டாக வரும் தூணியில் இந்தச் சிக்கல் குறைவு.

இனி மேல்மூடி. தூணியில் காசைக் கொடுக்கவேண்டிய இடம் இதுதான். புறோட்ஹெட் முழுவதும், அடிப்பகுதி வரை, மூடிக்குள் மறையவேண்டும். பக்கத்தில் திறப்பு இருக்கக்கூடாது. பனியில் சறுக்கி வில்லோடு விழுந்தால் சவர அலகு போன்ற அந்த முனைக்கும் உங்கள் தொடைக்கும் இடையில் இருப்பது இந்த மூடி மட்டும்தான். சந்தையில் 28 முதல் 35 மில்லிமீற்றர் அகலமான இரண்டலகு முனைகள் சாதாரணம். உங்களிடம் உள்ள முனைகளையே கடைக்குக் கொண்டுபோய், எல்லா அம்பையும் செருகிப் பார்த்து, அலகு அலகில் முட்டுகிறதா, மூடியின் சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் மழுங்கும், நடக்கும்போது கிணுகிணுக்கும். ஐந்தம்புத் தூணியில் அகன்ற முனைகள் நாலுதான் சரியாக உட்காரும் என்றால் அது உங்களுக்கு நாலம்புத் தூணி, அவ்வளவுதான்.

மூடிக்குள் இருக்கும் ஸ்பொஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழையில் நனைந்த தூணியை அப்படியே மூலையில் சாத்தினால் கார்பன் எஃகு அலகில் அடுத்த நாளே துரு பார்க்கலாம். வீட்டுக்கு வந்ததும் அம்பை உருவி, அலகைத் துடைத்து, வாசனையில்லாத வாஸ்லினை மெல்லிதாகப் பூசுங்கள். காட்டுக்கோழிக்கு வைத்திருக்கும் கம்பிக்கால் முனையை இந்த ஸ்பொஞ்சுக்குள் செருகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு வரும்.

கீழ்ப்பிடி றப்பரால் ஆனது. அதன் பிளவு அம்பின் தடிப்புக்கு அளவாக இருக்கவேண்டும். மர அம்பு பொதுவாக 11/32 அங்குலம், கிட்டத்தட்ட 8.7 மில்லிமீற்றர், மெல்லிய கார்பன் அம்பு அதைவிட வெகு ஒடுக்கம். மர அம்புக்குச் செய்த பிடியில் மெல்லிய கார்பன் தளர்ந்து, எய்தவுடன் அதிரும். இறுக்கமான பிடியோ அம்பை இழுக்கும்போது ‘டப்’ என்று சத்தம் போடும், 15 மீற்றரில் நிற்கும் மான் தலையைத் தூக்கிவிடும். இன்னொன்று, கடைக்குள் இருக்கும் சூட்டில் மெத்தென்று இருக்கிற றப்பர் மைனஸ் பத்தில் கட்டையாகிவிடும். ஆகவே இரவு முழுக்க பல்கனியில் வைத்துவிட்டுக் காலையில் கையுறையோடு ஒரு அம்பை எடுத்துப் பாருங்கள்.

எடுக்கும் முறையையும் கை பழகவேண்டும். முதலில் அம்பின் தண்டைப் பிடியிலிருந்து பக்கவாட்டில் தள்ளி விடுவிக்கவேண்டும், பிறகுதான் கீழ்நோக்கி மூடியிலிருந்து உருவவேண்டும். பிடியில் இருக்கும்போதே உருவினால் இறகு நசுங்கும்.

வலக்கைக்காரருக்குத் தூணி வில்லின் வலப்பக்கம், அதாவது அம்பு வைக்கும் தட்டுக்கு எதிர்ப்பக்கம் வரும். பூட்டியதும் முழு இழுப்பில் நிறுத்தி, இறகு கீழ் லிம்பில் தொடுகிறதா என்று இன்னொருவரைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இறகுகள் ஒன்றோடொன்று தொட்டாலும் சரசரக்கும். 5 அங்குல உயர்ந்த இறகு ஒட்டியவர்கள் மூன்றம்புத் தூணியோடு நின்றுகொள்வது மேல். வெள்ளை இறகு மட்டும் வேண்டாம். வெள்ளைவால் மான் வாலைத் தூக்கி ஓடுவதும் பற்றைக்குள் ஆடும் வெள்ளை இறகும் தூரத்து வேட்டைக்காரருக்கு ஒன்றுபோல் தெரியும்.

பாரத்தைக் குறைத்து எடைபோடுகிறவர்கள் அதிகம். வெறும் தூணி 150 முதல் 250 கிராம். 500 கிறெய்ன் (அம்பை எடைபோடும் அலகு) அம்பு ஒன்று 32 கிராம், ஐந்துக்கு 160. எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாக 350 கிராம் தொங்குகிறது. ஒரு கிலோவுக்குச் சற்று மேலான றீகேர்வ் இதைத் தாங்கிக்கொள்ளும். மேலதிக பாரம் கை நடுக்கத்தைக்கூடக் கொஞ்சம் அடக்கும். 650 கிராம் லோங்போவுக்கு அது தன் எடையில் பாதி. வில்லைச் சரித்துப் பிடித்து எய்கிறவருக்கு இந்தப் பக்கப்பாரம் பெரிதாகத் தெரியாது, நிமிர்த்திப் பிடிப்பவருக்குக் கையை முறுக்கும். எப்படியானாலும் தூணி இல்லாமல் கோடை முழுக்கப் பழகி, ஒக்ரோபரில் பூட்டிக்கொண்டு போவது வேலைக்காகாது. அம்பு விழும் இடம் மாறும். தூணியில் மொத்த அம்பில் ஒன்று குறைவாக வைத்துப் பழகுங்கள், காட்டில் முதல் அம்பு நாணில்தானே இருக்கும். பொது மைதானங்களில் புறோட்ஹெட் பொதுவாகக் கூடாது என்பதால், அங்கே அதே எடையுள்ள இலக்கு முனையைப் போட்டுக்கொள்ளலாம்.

சத்தத்தைக் கண்டுபிடிக்க, அம்புகளோடு வில்லை விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்றால் சரி. ‘டர்ர்’ என்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது. ஸ்குறூவில் கழற்றக்கூடிய நீல லொக்ரைற் பசை ஒரு துளி, உலோகம் மரத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய தோல் துண்டு; அநேகமாக இதிலேயே தீர்ந்துவிடும்.

தெற்கு ஒன்ராறியோவின் பல பகுதிகளில் வில் பருவம் ஒக்ரோபர் முதலாம் திகதி தொடங்குகிறது. புரட்டாசிச் சனியும் கந்தசஷ்டியும் பிடிக்கிற வீடுகளில் இறைச்சி ஃபிறீசரில்தான் காத்திருக்கவேண்டும். ஆனால் வில் காத்திருக்காது, செப்ரெம்பர் முடியுமுன் தூணி பூட்டி எய்து சரிபார்த்திருக்கவேண்டும். அமெரிக்கக் கடையில் எடுக்கிறவர்கள் டொலர் வித்தியாசத்தையும் சுங்க வரியையும் கூட்டி, பார்சல் தாமதமாகும் என்றும் கணக்குப் பண்ணி, யூலையிலேயே ஓடர் கொடுப்பது நல்லது.