எல்கேஜி சீட்டுக்கு நான்கு நடை, அதில் மூன்று வீண்

கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஇ) 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எல்கேஜி சீட் கிடைத்துவிட்டது. ஆனாலும் உறுத்தல் போகவில்லை. நடந்த நான்கு நடையில் மூன்று வருமானச் சான்றிதழுக்காக, அது எங்களுக்குத் தேவையே இல்லை.

இ-சேவை மையத்தில் சொன்னது இதுதான்: "இன்கம் சர்டிபிகேட் இல்லாம அப்ளிகேஷன் ஏறாதுங்க." பாதி சரி, பாதி தப்பு. இதில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று நலிவடைந்த பிரிவினர். எந்தச் சாதியானாலும் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும், வருமானச் சான்றும் கட்டாயம். இன்னொன்று வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர். எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி எல்லாம் இதில்தான் வருகின்றன. இதற்குச் சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு கிடையாது. ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளி, எச்ஐவி பாதிப்புள்ளவர், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளை ஆகியோருக்கும் இதே வாசல்தான், முன்னுரிமையும் உண்டு.

பிள்ளையின் பெயரில் சாதிச் சான்று கையில் இருந்தும் வருமானச் சான்றுக்கு அலைந்தோம். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சாதிச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால், சேர்க்கை அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள். அப்பாவின் சாதிச் சான்றைக் கேட்பார்கள். அது தொலைந்திருந்தால் அதற்கே தனி நடை.

இந்த விதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாசலில் இரண்டு கார் நிற்கும் வீட்டுப் பிள்ளையும் சாதிச் சான்றைக் காட்டி, சீட் யாருக்கு என்று முடிவு செய்யும் இதே குலுக்கலில் சேரலாம், தடை எதுவும் இல்லை. மாதம் 17,000 வாங்கும் முன்னேறிய வகுப்புச் செக்யூரிட்டியின் பிள்ளைக்கு இடம் கிடையாது. பன்னிரண்டால் பெருக்கினால் 2,04,000 வந்துவிடும்.

வருமானச் சான்று உண்மையிலேயே தேவைப்படுவோர் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும். கைக்கு 16,500 வரும்போது "பதினேழு இருக்கும் சார்" என்று விஏஓவிடம் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. உள்ளதைச் சொல்லுங்கள், கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். இ-சேவையில் 60 ரூபாய். முதல் முறை என்றால் கேன் எண் (இ-சேவையில் நமக்கான பதிவு எண்) பதிய வேண்டும், அதற்குக் கொடுத்த கைபேசிக்குத்தான் ஓடிபி வரும். மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், விண்ணப்பம் திரும்பி வந்தது நமக்குத் தெரியாமலே போகும். எங்களுக்கு அதுதான் நடந்தது. சம்பளச் சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், விஷயம் தெரிந்தது ஒன்பது நாள் கழித்து. சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் மூத்த பிள்ளைக்கு முன்பு வாங்கியது உதவாது.

மற்ற தாள்களில் பிறப்புச் சான்றிதழை முதலில் எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து வந்ததும் வாங்கியதாக இருந்தால் அதில் குழந்தையின் பெயரே இருக்காது. பெயர் சேர்த்து மறுபடி எடுக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னாலும் சான்றிதழில் பின்னாலும் இருந்தால், அதையும் இப்போதே ஒழுங்கு செய்துவிடுங்கள். வயதில் சலுகை கிடையாது. 2024-25 எல்கேஜிக்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தாலும் அடுத்த ஆண்டுதான்.

வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிதான் கணக்கு. முகவரிச் சான்றில் பழைய வாடகை வீடு இருந்தால் பட்டியலில் பழைய ஏரியாப் பள்ளிகளே நிற்கும். வீடு மாறியவர்கள் ஆதார் முகவரியை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

பள்ளி அலுவலகத்தில் "எங்ககிட்ட ஆர்டிஇ இல்லைங்க" என்றால் நம்பித் திரும்பாதீர்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு உண்மையிலேயே விலக்கு உண்டு, அது 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மற்றவர்கள் சொன்னால் ஆர்டிஇ இணையதளப் பட்டியலில் அந்தப் பெயரைக் காட்டுங்கள். எல்கேஜியில் 40 இடம் என்றால் 10 இந்த ஒதுக்கீட்டுக்கு. பள்ளி தரும் தனி விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில், மாத வருமானம், சொந்த வீடா வாடகையா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. ஒதுக்கீட்டுக்கு இணைய விண்ணப்பம் மட்டும்தான், அந்தத் தாளை நிரப்ப வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் நன்கொடை வாங்கினால் அதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம், பெற்றோரையோ பிள்ளையையோ சலித்தெடுத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 வரை என்று இருக்கிறது. அலுவலகத்தில் இந்தப் பிரிவின் எண்ணைச் சொன்னதும் குரல் இறங்கியது.

குலுக்கல் அரை மணியில் முடிந்தது.

இலவசம் என்று நினைத்து வந்தவர்களுக்கு அதன் பிறகுதான் அடி. அரசு பள்ளிக்குக் கொடுப்பது, ஒரு பிள்ளைக்கு அரசு செலவழிக்கும் தொகை அல்லது பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. அதுவும் தாமதமாகத்தான் வந்து சேரும். அந்த எரிச்சல் நம் தலையில் விடிகிறது. புத்தகம், சீருடை, வேன், ஸ்மார்ட் கிளாஸ் என்று ஒரு துண்டுத்தாள் நீட்டினார்கள். அதில் முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பள்ளித் தாளில் தலைப்புவாரியாக எழுதிக் கேட்டோம், மறுநாள் இரண்டு தலைப்புகள் காணாமல் போயிருந்தன. எதைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு விதித்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீறல் இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

ரசீதை ஆண்டு முடியும்வரை வைத்திருங்கள். மத்திய அரசின் நிதி வராத சிக்கலில் 2025-26 சேர்க்கை அக்டோபருக்குத் தள்ளிப்போனது. ஜூனிலேயே பணம் கட்டிச் சேர்த்துவிட்ட வீடுகளுக்கு அதைத் திரும்பக் கேட்க அந்தத் தாள்தான் கையில் இருந்தது.