ஹிட்ஸ் ஆல்பம்னா மட்டம்னு யாரு சொன்னா?

கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ஆல்பம், அதாவது ஹிட்டான பழைய பாட்டெல்லாம் சேத்துப் போட்ட தொகுப்பு, கேக்குறேன்னு சொன்னாலே மியூசிக் தெரிஞ்சவங்க சில பேரு ஒரு மாதிரி பாப்பாங்க, ஒரிஜினல் ஆல்பம் முழுசா கேட்டாதான் ரசிகன்னு. எழுபதுகள்ல வந்த அமெரிக்கன் சாஃப்ட் ராக்ல (மெலடியா, மென்மையா போற ராக்) இத நான் ஒத்துக்கவே மாட்டேன், அதுல சில தொகுப்பெல்லாம் உக்காந்து இழைச்சு பண்ணின வேலை.

ரிச்சர்ட், கேரன்னு அண்ணன் தங்கச்சி சேந்த கார்பென்டர்ஸோட 'தி சிங்கிள்ஸ் 1969–1973' கேளுங்க. ரிச்சர்ட் கார்பென்டர் பழைய பாட்ட அப்படியே எடுத்து அடுக்கல. 'க்ளோஸ் டு யூ' லேசா தலைகாட்டி, அதுலேர்ந்து 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' எடுக்கும், அப்புறம் கடைசிப் பாட்டா அதே 'க்ளோஸ் டு யூ' முழுசா வரும். 'டிக்கெட் டு ரைட்' 1969ல கேரனுக்கு பத்தொம்பது வயசுல பாடினது, அத இந்த ஆல்பத்துக்காக திரும்பப் பாடியிருக்காங்க, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டா அந்தக் குரல் எவ்ளோ முதிர்ந்துருக்குன்னு புரியும்.

எனக்கு உயிரே நடுவுல வர்ற மூணு பாட்டுதான். 'சூப்பர்ஸ்டார்', 'ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்', 'குட்பை டு லவ்', மூணையும் கேப்பே விடாம கோத்துட்டார். கடைசியில டோனி பெலூஸோவோட ஃபஸ் கிட்டார் (கரகரன்னு ஒலிக்கிற எலக்ட்ரிக் கிட்டார்) பொங்கிட்டு வருதுல்ல, 1972ல 'குட்பை டு லவ்' சிங்கிளா, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டா வந்தப்ப அந்த கிட்டாருக்காக அவங்க ரசிகர்களே சில பேரு கோவமா லெட்டர் போட்டாங்க, ஆனா இங்க ரெண்டு சோகப்பாட்டு அடக்கி அடக்கி பாடி முடிச்ச கையோட அந்த கிட்டார் வெடிக்கும்போது, இது வந்தே ஆகணும்னு இருக்கும். தனியா கேட்டா இவ்ளோ வலு கிடைக்கல.

அமெரிக்கா பேண்டோட 'ஹிஸ்டரி' (1975) இன்னொண்ணு. மூணு பேரும் லண்டன் பக்கம் வேலைல இருந்த அமெரிக்க விமானப்படைக்காரங்க பசங்க. பீட்டில்ஸ் புரொடியூசர் ஜார்ஜ் மார்ட்டின் 1974லதான் இவங்க கூட சேந்தார், அதுக்கு முந்தின மூணு ஆல்பத்துலேர்ந்து எடுத்த ஏழு பாட்டையும் இதுக்காக அவரே ரீமிக்ஸ் பண்ணார், அதாவது பதிவான குரலையும் வாத்தியத்தையும் மறுபடி கலந்தார். அதான் 'எ ஹார்ஸ் வித் நோ நேம்'லேர்ந்து 'சிஸ்டர் கோல்டன் ஹேர்' வரைக்கும் ஒட்டு தெரியாம போகுது. அட்டைப்படம் வரைஞ்சவர் பின்னாடி சாட்டர்டே நைட் லைவ்ங்கிற அமெரிக்க டிவி காமெடி ஷோல கலக்கின ஃபில் ஹார்ட்மன், அப்ப அவர் கிராஃபிக் டிசைனர்!

ஈகிள்ஸோட 1976 தொகுப்புதான் விற்பனையில ராஜா, அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளோட சங்கமான ஆர்ஐஏஏ, பத்து லட்சம் வித்தா குடுக்குற பிளாட்டினம் விருத முதல்ல குடுத்ததே அதுக்குத்தான். ('ஹோட்டல் கலிஃபோர்னியா' அதுல இருக்காது, அது அந்த வருஷம் டிசம்பர்லதான் வந்துச்சு.) பத்துப் பாட்டும் தங்கம்தான், சிங்கிளாவே வராத 'டெஸ்பராடோ'வ சேத்ததுக்கு தனி சபாஷ். ஆனா தொகுப்பா அதுல யாரும் பெருசா இழைக்கல, பழைய பாட்டு அப்படியே வரிசையா வருது.

அதனால ஈகிள்ஸ்னா நேரா 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்' ஆல்பத்துக்கே போயிடுங்க. கார்பென்டர்ஸும் அமெரிக்காவும் தொகுப்புலேர்ந்தே ஆரம்பிங்க, ஷஃபிள் மட்டும் போட்டுடாதீங்க ப்ளீஸ், அந்த மூணு பாட்டும் பிரிஞ்சிடும்.