கறிவேப்பிலை டீச்சர்
கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டில் கறிவேப்பிலைக்கு இனி யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? வார இதழில் தோட்டக் குறிப்பு எழுதிவந்த நம்ம டீச்சரம்மா நம்மை விட்டுப் போய்விட்டார்.

அவர் எழுத்தில் 'தேவையான அளவு' என்ற பேச்சே இருக்காது. மண் கலவையா? 3 பங்கு மேல்மண், 2 பங்கு மக்கிய உரம், 1 பங்கு மணல். கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் சதையைக் கழுவி, ஓரிரு நாளில் கொட்டையை ஊன்றிவிட வேண்டும். காயவைத்து எடுத்துவைத்தால் முளைப்பது சந்தேகம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கன்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளணும், மனசு வராவிட்டாலும். அப்போதுதான் கிளை விடும். இலையில் காக்கா எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது எச்சமல்ல, வண்ணத்துப்பூச்சிப் புழு. கையால் எடுத்துப் போட்டால் போதும். மருந்து அடிக்காதீர்கள், ரசத்தில் போடுகிற இலை!

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்களிடம் மட்டும் கோபம் வரும். தேங்கிய தண்ணீரில், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். "மணலை நிரப்பு, இல்லேன்னா தட்டைத் தூக்கு" என்பார். எல்லாரும் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் அன்று மாடி மாடியாக ஏறித் தட்டுகளைக் கவிழ்த்ததும் அவர்தான்.

வேலியோரம் அவர் நட்ட மரத்தடியில் வேர்க்கன்றுகள் நாலைந்து நிற்கின்றன. வேண்டுபவர்கள் பிடுங்காதீர்கள், தாய்வேரில் ஒரு துண்டோடு வெட்டி, சாயங்காலத்தில் எடுங்கள்.