மேட்டுக்காட்டின் மேல்முனையும் கீழ்முனையும்

கண்ணங்குறிச்சிக்கு மேலே, சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் காடு சரிவாகக் கிடக்கிறது. ஒரே நாளில் ஊன்றிய குச்சிக்கிழங்கு (மரவள்ளி), ஒரே மழை. ஆனாலும் மழை நின்ற சில நாட்களிலேயே மேல்முனையில் இலைகள் தொங்கிவிடும், கீழ்முனையில் கிழங்கு அழுகும். பல ஆண்டுகள் உரத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரு முனைகளிலிருந்தும் ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களில் குலுக்கி வைத்தபோதுதான் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கியது; வண்டல் படியச் சில மணி நேரம் ஆயிற்று; 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறிய களித்துகள்கள் மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருந்தன. மேல்முனைப் பாட்டிலில் பெரும்பகுதி மணல், கீழ்முனைப் பாட்டிலில் பெரும்பகுதி களி. இந்த விகிதத்தைத்தான் மண்ணின் நயம் என்கிறார்கள்.

மணலின் பெரிய இடுக்குகள் வழியே நீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. களி நிறைய நீரைப் பிடித்துக்கொள்கிறது என்றாலும், அதில் ஒரு பகுதியை வேரால் உறிஞ்ச இயலாத அளவுக்கு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. இடுக்குகள் நீரால் அடைபடுவதால் வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை. களிமண்ணில் மணலைக் கொட்டச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் சிறிதளவு மணல் சேர்ந்த களி இன்னும் கெட்டிப்படவே செய்யும். தொழுவுரம்தான் அங்கே உதவியது.

மண் அரிப்பில்தான் என் கணிப்பு அதிகம் தவறியிருந்தது. மழை முதலில் இழுத்துச் செல்வது பருமணலை அன்று, அது கனமானது. களியையும் அன்று, அது ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கனமும் ஒட்டும் இல்லாத வண்டலும் நுண்மணலுமே முதலில் போகின்றன, அவற்றோடு மட்கிய சத்தும் போகிறது. ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காப்பித் தோட்டங்களில் சரிவு இதைவிடச் செங்குத்தானது, ஆயினும் உதிர்ந்த இலைகள் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. குச்சிக்கிழங்கோ முதல் மூன்று மாதங்கள் நிலத்தை மூடுவதில்லை. அறுவடையில் பிடுங்கும்போது மண்ணைப் பெயர்த்தும் விடுகிறது. இத்தகைய நிலத்தில் நாங்கள் சரிவுவாக்கிலேயே டிராக்டர் ஓட்டிவந்தோம் என்பதை நினைக்க இன்றும் மனம் வருந்துகிறது.

இப்போது சரிவுக்குக் குறுக்கே பார் (மண்ணை அணைத்த மேட்டு வரிசை) பிடித்து, இடையில் தட்டைப்பயறு விதைக்கிறோம். கீழ்முனையில் நீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டினோம். மலையும் மேட்டுக்காடுகளும் இழந்த வண்டல் ஏரிகளில்தானே படிந்து கிடக்கிறது; அனுமதி பெற்று, அதை மேல்முனையின் பாதியில் பரப்பி உழுதோம். அந்தப் பாதியில் இலைகள் முன்னைவிட ஒரு வாரம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. மீதிப் பாதிக்கு வரும் கோடையில் ஏரி வற்றியதும் வண்டி விட வேண்டும்.